பீடம் சொல்லாத செய்தி

உருவம் அமைத்துப் போற்றுவது நம் மார்க்க வழக்கன்று. ஆயினும் பொதுவீதியில் பிறர் நாட்டும் சிலை எதைக் கற்பிக்கிறது என்று ஆராய்வது நம் கடமையே. 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற காமராஜர், 1927இல் சென்னை மவுண்ட்ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றக் கோரிய அறப்போரில் ஈடுபட்டவர். 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமை புரிந்த தளபதியின் சிலை அது. 1937இல்தான் அது அருங்காட்சியகம் புகுந்தது.

அதே கேள்வியை இலண்டன் நகரின் ஒரு சிலையிடமும் நாம் கேட்க வேண்டியுள்ளது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்படையை நடத்திய ஆர்தர் ஹாரிஸின் சிலை, 1992 மே 31ஆம் நாள், செயின்ட் கிளமென்ட் டேன்ஸ் தேவாலயத்தின் முன் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் இராஜமாதா எலிசபெத். கூட்டத்தில் கண்டனக் குரல்கள் எழுந்தன. பின்னர்ச் சிலைமீது சிவப்புச் சாயமும் வீசப்பட்டது.

ஹிட்லரின் கொடுங்கோன்மை பொய்யன்று. அதை எதிர்த்துப் பறந்து மாண்ட 55,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரைப் பீடத்தின் வாசகம் நினைவுகூர்வதும் தகும். நகரங்களையே இலக்காக்கும் கொள்கையை வகுத்தவரும் ஹாரிஸ் அல்லர், அவருடைய அரசுதான். எனினும் அதைத் தளராது நிறைவேற்றியவர் அவர். 1943இல் ஹாம்பர்க் எரிந்தது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் சுமார் 25,000 பேர் மாண்டனர். பெண்களும் சிறாரும் முதியோரும் அவர்களுள் அடங்குவர். அதற்கு முன், 1920களில், ஈராக்கில் வானிலிருந்து கிராமங்களை அடக்கிய படையிலும் ஹாரிஸ் தலைமை வகித்தவர். இவற்றில் ஒன்றையும் பீடம் சொல்லவில்லை. அதுவே நம் குறை.

சிரியா நோக்கிப் படையை அனுப்பியபோது கலீபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லாதீர், கனிதரும் மரங்களை வெட்டாதீர் என்று பணித்தார்கள். வெற்றிக்கும் வரம்புண்டு என்பதே அதன் சாரம். அவ்வரம்பு மீறப்பட்ட இடத்தில் தளபதிக்கு மட்டும் புகழ் எழுதுவது, மாண்டோரை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

இராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றமாக ஊருக்கு ஈந்தார். நினைவைப் போற்ற அதுவும் ஒரு வழி. அங்கே மறைக்க வேண்டியது எதுவுமில்லை. சிலையே வேண்டுமெனில், அதன் பீடத்தில் கொன்றவர் பெயருடன் கொல்லப்பட்டோர் கணக்கும் பொறிக்கப்படட்டும். நம் பிள்ளைகள் படிக்க வேண்டியது முழு வாசகத்தையே.