தொட மறுத்த கை

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்கள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் வாசித்துக் காட்டப் போவேன். பாடம் முடிந்ததும் "ஏதாவது கதை வாசிங்கக்கா" என்பார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்'. ஆங்கிலத்தில் ஒரு பத்தி பார்ப்பது, அதைத் தமிழில் சொல்வது என்று பல வாரம் ஓடியது.

கதை தெரியாதவர்களுக்காக: விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்கிற பெரிய இடத்துப் பிள்ளை, செத்த உடல்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு உருவம் செய்து உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிப்போகிறான். கைவிடப்பட்ட அந்த மனிதன் (பூதம் என்று நான் எழுதமாட்டேன்) காட்டோர வீடு ஒன்றை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொள்கிறான். சுவர் இடுக்கு வழியே கேட்டுக் கேட்டே மொழி கற்கிறான். நமக்கு ஏகலைவன் ஞாபகம் வராமல் இருக்காது. ஒருநாள், வீட்டில் கண் தெரியாத கிழவர் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போய்ப் பேசுகிறான். அவர் அன்பாகப் பேசுகிறார். கண்ணுள்ள பிள்ளைகள் திரும்பி வந்ததும் தடியால் அடி விழுகிறது.

இந்த இடம் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். பிளஸ் டூ படிக்கிற ஒருவன் மட்டும் கேட்டான்: "அந்தத் தாத்தா மொதல்ல என்னக்கா கேட்டாரு?" திரும்பப் பார்த்தேன். பேச்சை வைத்துப் பார்த்தால் நம் நாட்டுக்காரன் போலிருக்கிறதே, நீ பிரெஞ்சுக்காரனா என்ற பொருளில்தான் கிழவர் கேட்கிறார். பையன் சிரித்தான். "பாத்தீங்களா, கண்ணு தெரியலன்னாலும் எந்த ஊருன்னு கேட்டுட்டாரு. கண்ணு தெரியாதவங்களுக்குள்ள சாதி கெடையாதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. பேச்சக் கேட்டே எந்தத் தெருன்னு கண்டுபிடிக்கிறவங்க இருக்காங்கக்கா."

எம்.ஏ. ஒப்பிலக்கிய வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத வாசிப்பு இது. அந்த வாசிப்பைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பிரதியை மறுபடி திறக்கிறேன்.

நாவல் பிறந்த கதையை எல்லாரும் சொல்வார்கள். 1816 கோடை, ஜெனிவா ஏரிக்கரை. பைரன், ஷெல்லி, மருத்துவர் பொலிடோரி, பதினெட்டு வயது மேரி. விடாத மழை. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்கிறார் பைரன். அந்த மழைக்குக் காரணம், 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் வெடித்த தம்போரா எரிமலை. அங்கே பல்லாயிரம் ஏழை மக்கள் செத்தார்கள். இங்கே மாளிகையில் உட்கார்ந்தவர்களுக்கு அது கதை பேசுகிற ராத்திரி ஆனது. மேரியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிறந்த பதினோராம் நாள் தாயைப் பறிகொடுத்தவர் அவர். 1815-இல் தன் முதல் குழந்தையையும் புதைத்தவர். பெற்றதைக் கைவிடுவது என்றால் என்ன என்று அந்த மாளிகையிலிருந்த ஆண்களைவிட அவருக்குத் தெரியும்.

நாவல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்த நாள் 1818 ஜனவரி 1. அதே நாளில்தான் பீமா கோரேகானில் கம்பெனிப் படையில் இருந்த மகர் சிப்பாய்கள் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றார்கள். இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனால் 1927-இல் அதே ஜனவரி முதல் நாள் அம்பேத்கர் அந்த நினைவுத்தூணுக்குப் போனார். தீண்டாமையை எதிர்ப்பவர்களுக்கு அது நினைவு நாள். அந்தத் தேதியில் வெளிவந்த புத்தகத்தை நாம் நம் கண்ணால் படிப்பதில் தப்பில்லை.

விக்டர் தன் 'கண்டுபிடிப்பு'க்குச் சரக்கு எடுத்தது எங்கே? பிணக்கிடங்கு, உடலறுக்கும் கூடம், ஆடுமாடு வெட்டும் தொட்டி. இந்த மூன்று இடத்திலும் நம்ம ஊரில் யார் வேலை செய்கிறார்கள்? சுடுகாட்டில் யார், பிணவறையில் உடலைத் திறந்து தைத்துக் கொடுப்பது யார், செத்த மாட்டைத் தூக்கிப்போவது யார்? அங்கேயே கிடந்து வேலை செய்கிறவனுக்குத் தீட்டு. ராத்திரியில் ரகசியமாகப் போய்வந்தவனுக்கு விஞ்ஞானி பட்டம்.

இது வெறும் கற்பனை இல்லை. 1803 ஜனவரியில் லண்டன் நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டரின் உடலில் ஆல்டினி மின்சாரம் பாய்ச்சினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. கொலைத் தண்டனை பெற்றவர்களின் உடலை அறுப்பதற்கு 1752-ஆம் வருஷச் சட்டம் வழிசெய்திருந்தது. அந்த உடல்கள் போதவில்லை. 1832-இல் இன்னொரு சட்டம் வந்தது: ஏழைகள் விடுதிகளில் செத்து, யாரும் கேட்டு வராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். அதுவரை அறுபடுவதற்குக் கொலை செய்திருக்க வேண்டும். அதன்பிறகு ஏழையாக இருந்தாலே போதும். நம்ம ஊர் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் பாடம் படித்தது பெரும்பாலும் 'அனாதைப் பிணம்' என்று பெயர் வைக்கப்பட்ட உடல்களில்தான்.

1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததை இந்திய விஞ்ஞானத்தின் விடிவு என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். அவர் வைத்தியர் சாதி. சாதிக் கட்டை மீறினார், அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்ட டோம் மக்கள் இருந்தார்கள். மேல்சாதிக் கை ஒருநாள் தொட்டால் அது வரலாறு. டோம் கை தினமும் தொட்டால் அது குலத்தொழில்!

'கடவுள் வேலையை மனுஷன் செய்யக் கூடாது' என்பதுதான் இந்த நாவலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நீதி. நம் சினிமாவும் அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைத்தது. 1989-இல் வேலு பிரபாகரன் எடுத்த 'நாளைய மனித'னில் எழுப்பப்பட்ட பிணம் ஊரைக் கொல்கிறது. 2010-இன் 'எந்திர'னில் விஞ்ஞானியே தன் படைப்பை வெட்டிப் போடுகிறார், அது குப்பைமேட்டுக்குப் போகிறது. கடைசியில் விஞ்ஞானி தப்பித்துவிடுகிறார், தன்னைத்தானே கழற்றிக்கொள்ள வேண்டியது எந்திரம்தான்.

கடவுள் நீதி புரோகிதனுக்கு வசதியானது. மேரி எழுதியது வேறு. உயிர் கொடுத்தது அங்கே குற்றமில்லை. கொடுத்தவன் முகத்தைப் பார்த்து அருவருத்தானே, தொட மறுத்தானே, ஒரு பெயர்கூட வைக்காமல் ஓடினானே, அதுதான் குற்றம். அந்தக் குற்றத்துக்கு நம் மொழியில் தீண்டாமை என்று பெயர்.

விலை கொடுத்தது யார் என்று பாருங்கள். விக்டரின் தம்பி கொல்லப்பட்டதும் பழி விழுவது ஜஸ்டின் என்கிற வேலைக்காரப் பெண் மேல். பாதிரியார் நரகத்தைச் சொல்லி மிரட்ட, செய்யாத கொலையை ஒப்புக்கொள்கிறாள். ஸ்டேஷனில் வாக்குமூலம் வாங்குகிற முறை தெரிந்த நம்ம ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உண்மை என்னவென்று விக்டருக்குள் ஓடுகிறது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களாம். அவள் தூக்கில் தொங்குகிறாள். விஞ்ஞான அறம் பற்றிக் கருத்தரங்கு போடுகிறவர்கள் முதலில் ஜஸ்டினைப் பற்றிப் பேசட்டும்.

நான் இருக்கிற ஆவடிக்கு வருகிறேன். இங்கே 'டேங்க்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, போர் டாங்கி. 1965-இல் விஜயந்தா வெளிவந்த தொழிற்சாலை இங்கே இருக்கிறது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். எதிரி விஷவாயு வீசினாலும் உள்ளே இருக்கிற சிப்பாய் மூச்சுவிட அந்த வண்டியில் ஏற்பாடு உண்டு. இரண்டாவது, செப்டிக் டேங்க். அதில் இறங்குகிறவனுக்கு ஒரு கயிறு, மூஞ்சியில் கட்ட ஒரு துண்டு.

விஞ்ஞானத்துக்குத் தெரியாத ஒன்றும் இதில் இல்லை. மலக்குழி சுத்தம் செய்பவர்களின் கண் கெடுவதை இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700-இலேயே எழுதிவிட்டார். குழியில் இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் மோப்ப சக்தியையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுவான். தூக்கப் போகிற இன்னொருவனும் விழுவான். 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம். சாவுக்கு நஷ்டஈடு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இந்தச் சாவுகளில் அரசுக் கணக்கிலேயே தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு வீட்டுக்காரர் காண்ட்ராக்டரைக் காட்டுவார். காண்ட்ராக்டர், 'அவனாத்தான் எறங்கினான்' என்பார். விக்டரைப் போல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

எந்தக் கண்டுபிடிப்பு நடக்கிறது என்பதைவிட எது நடக்காமல் விடப்படுகிறது என்பதில்தான் ஒரு சமூகத்தின் அறம் தெரிகிறது. அறிவு இருந்தும் அந்த உடலைத் தொட மனசில்லை. அதனால் எந்திரம் தாமதமாக வருகிறது, வந்தாலும் நம் தெருவுக்கு வருவதில்லை.

மேரியோடு எனக்குச் சண்டையும் உண்டு. கைவிடப்பட்டவன் தன் கதையைத் தானே சொல்கிறான், நம் சாட்சியங்களைப் போல. ஆனால் அதை விக்டர் வாயால்தான் கேட்கிறோம். விக்டர் சொன்னதை வால்டன் என்கிற கப்பல்காரன் எழுதுகிறான். எழுதியதை வாங்கி விக்டரே திருத்துகிறான்! ஒடுக்கப்பட்டவனின் வாக்குமூலத்தை ஒடுக்கியவனே பிழைதிருத்தி அச்சுக்கு அனுப்புகிற ஏற்பாடு இது. ஒரு துணை வேண்டும் என்று அவன் கேட்கும்போது, பாதி செய்த பெண்ணுடலை விக்டர் கிழித்தெறிகிறான். இவர்கள் இனம் பெருகிவிடுமே என்று பயம். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916-இல் காட்டியதைப் படித்தவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. அந்தப் பெண்ணுக்கு நாவலில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவள் கதையை எழுத வேண்டியது நம்மில் ஒரு பெண்.

நாவல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனிடம் கேட்டேன், அவன் செய்த தப்பு என்னடா என்று.

"கொலை பண்ணது தப்புதான்க்கா. ஆனா அதுக்கு முன்னாடியே ஒண்ணு. தாத்தா தனியா இருக்கறப்ப போயிருக்கக் கூடாது. எல்லாரும் வீட்ல இருக்கறப்பவே கதவத் தட்டியிருக்கணும்."

"அடிச்சிருப்பாங்களேடா."

"அப்பவும் அடிச்சாங்கதானே?"