கர்த்தா இல்லாத வாக்கியம்

தமிழில் இன்று மிகுந்த கவனத்துடன் படிக்கப்படும் வசனம் எது என்று யாராவது கேட்டால், நாவல் என்றோ தொடர்கதை என்றோ சொல்ல எனக்குத் துணிவு வராது. பத்திரிகையின் உள்பக்கத்தில், ராசிபலனுக்கும் வரன் விளம்பரத்துக்கும் அண்டை வீட்டுக்காரனாக, நாலு அங்குல இடத்தில் அடங்கி வருகிறதே ‘நாளைய மின்தடை’ என்ற பகுதி, அதுதான். நாவலைப் படிக்கிறவர்கள் வருணனை வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மின்தடை அறிவிப்பைப் படிக்கிறவர்களோ விரலை வைத்து ஒவ்வொரு தெருவாகப் படிக்கிறார்கள். தங்கள் தெரு இல்லை என்று கண்டால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. அடுத்த தெரு இருக்கிறது என்று கண்டால் ஓர் அற்ப சந்தோஷம். இவ்வளவு உணர்ச்சிகளை எழுப்பும் எழுத்துக்கு யாரும் மதிப்புரை எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் காரியத்தை என்னால் ஆன மட்டும் செய்து பார்க்கலாம் என்று உத்தேசம்.

முதலில் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த அறிவிப்பில் வளவளப்புக் கிடையாது. இடம் இருக்கிறது, நாள் இருக்கிறது, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்று காலமும் இருக்கிறது. கதை எழுதப் பழகும் இளைஞர்களில் பலர் எந்த ஊரில், எந்தப் பொழுதில் கதை நடக்கிறது என்று சொல்லாமலே பத்துப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்கு இதை ஒரு மாதிரியாகவே சிபாரிசு செய்யலாம்.

இனிக் குற்றங்கள். “பராமரிப்புப் பணிகள் காரணமாக மின் விநியோகம் நிறுத்தப்படும்” என்பது இவ்வகை எழுத்தின் மூல வாக்கியம். இலக்கண ஆசிரியர்கள் இதில் ஒரு பிழையும் காணமாட்டார்கள். மின் விநியோகம் எழுவாய், நிறுத்தப்படும் பயனிலை. ஆனால் நிறுத்துகிறவர் யார்? அவர் வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினை என்ற திரைச்சீலைக்குப் பின்னால் கர்த்தா மறைந்துகொண்டுவிட்டார். கர்த்தா இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை; கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

அடுத்தது, தெருப் பெயர்களின் முடிவில் தவறாமல் வரும் “மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்.” ஒரு தெருவைச் சுற்றி உலகமே இருக்கிறது. எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்று நிம்மதியாக மாவுக்கு அரிசி ஊறப்போட்டவள், மறுநாள் பத்து மணிக்கு கிரைண்டர் நின்றபோதுதான், தான் ‘சுற்றியுள்ள பகுதி’யில் குடியிருப்பதைத் தெரிந்துகொள்கிறாள். மூன்றாவது, “பணிகள் முன்னதாக முடிந்தால் மின் விநியோகம் வழங்கப்படும்” என்ற கடைசி வரி. இந்த ‘முடிந்தால்’ தெருவில் உள்ள அத்தனை பேரையும் இரண்டு மணியிலிருந்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார வைத்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ‘பராமரிப்பு’ என்ற சொல்தான். அது பொய் அல்ல. அதன் உள்ளே நிஜமான, ஆபத்தான உழைப்பு இருக்கிறது. கம்பியைத் தொடும் கிளைகளை வெட்ட வேண்டும். பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். தளர்ந்த இணைப்புகளை முறுக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். பதினோராயிரம் வோல்ட் ஓடும் கம்பியில் ஒரு மனிதன் கை வைக்க வேண்டுமானால், அந்தக் கம்பி செத்துக் கிடக்க வேண்டும். நம் வீட்டு விளக்கு அணைந்திருக்கும் அந்த எட்டு மணி நேரமும் கம்பத்தின் உச்சியில் இருக்கும் ஒருவனின் உயிருக்குக் காவல். இதை ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தால் எந்த வீட்டுக்காரர் முணுமுணுப்பார்? இந்த விஷயத்தை ‘பராமரிப்பு’ என்ற வறட்டுச் சொல்லில் போட்டு மூடிவிட்டார்கள்.

இது அச்சில் வரும் பிரிவு. இதற்கு வாய்மொழிப் பிரிவு ஒன்றும் உண்டு. அறிவிப்பே இல்லாமல் மின்சாரம் போகும்போது பிறக்கும் இலக்கியம் அது. நாடகமாகவே எழுதிவிடலாம்.

“சார், கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆச்சு. எப்போ சார் வரும்?”

“வந்துரும் சார்.”

“எத்தனை மணிக்கு வரும்?”

“லைன்ல வேலை நடக்குது சார். வந்துரும்.”

‘வந்துரும்’ என்ற சொல்லை இலக்கிய ரசனையோடு கவனிக்க வேண்டும். அதில் உறுதி இருக்கிறது, காலம் இல்லை. அன்பு இருக்கிறது, தகவல் இல்லை. பேசுகிற ஊழியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால், அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் சரியல்ல. துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு முழு ‘பீடர்’ நின்றுவிட்டதா, அல்லது உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் மட்டும் போயிற்றா என்று அநேகமாகக் கேட்டுச் சொல்லிவிட முடியும். பீடர் நின்றிருந்தால் பழுது எங்கே என்று கம்பி நெடுக நடந்து தேட வேண்டும், நேரமாகும். பியூஸ் என்றால் ஆள் வந்ததும் சரியாகிவிடும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலே போதும். கேட்டவர் கடைக்குப் போய் மெழுகுவர்த்தி வாங்குவதா, பேசாமல் திண்ணையில் உட்காருவதா என்று தீர்மானித்துக்கொள்வார்.

நம் கதைகளில் மின்சாரம் போவது காதலர்கள் கைபிடிப்பதற்காக அல்லது பேய் வருவதற்காக. வாழ்க்கையில் அது அப்படிச் சமயம் பார்த்துப் போவதில்லை. அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் வயதான பெண்மணி ஒருவர் பிராணவாயு இயந்திரத்தின் துணையோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிப்ட் நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். போன மின்சாரம் ஒரு மணியில் வருமா, ஆறு மணியில் வருமா என்பதைப் பொறுத்துத்தான் சிலிண்டருக்குச் சொல்லி அனுப்புவதா, அவரைக் கட்டிலோடு தூக்கி மாடிப்படி இறக்குவதா என்று மகன் முடிவு செய்ய வேண்டும். அவனிடம் போய் ‘வந்துரும்’ என்று சொன்னால், அது அவன் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

2012-ஆம் ஆண்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே ஏறத்தாழ 4,000 மெகாவாட் பள்ளம் விழுந்திருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் காற்றாலைகள் கொஞ்சம் தாங்கிப் பிடித்தன. அக்டோபரில் காற்று ஓய்ந்ததும் பள்ளம் பாதாளமாயிற்று. அந்த வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் வெளிவந்த அறிவிப்பு, சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் என்றது. சென்னைக்காரர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் யதார்த்த இலக்கியம். மற்ற மாவட்டத்தாருக்கோ வெறும் கற்பனை. பல ஊர்களில் வெட்டு நாளுக்கு 12 மணி நேரத்தையும் தாண்டியது. கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகளும் விசைத்தறிக் கூடங்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு. நம் ஜனங்கள் இருட்டுக்குப் பயந்தவர்கள் அல்ல. மணிக்கணக்கு ஒழுங்காக இருந்த இடங்களில் அவர்கள் வாழ்க்கையையே அதற்குத் தக்கபடி திருப்பிக்கொண்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை முன்னிரவில் தூங்க வைத்து நடுநிசியில் எழுப்பினார்கள். தையல்காரர் கடை திறக்கும் நேரத்தையே மாற்றினார். சொன்ன மணிக்குப் போய், சொல்லாத மணிக்கும் போனபோதுதான் அவர்கள் மனம் கசந்தது. பற்றாக்குறையை மன்னித்தவர்கள்கூடப் பொய்க் கணக்கை மன்னிக்கவில்லை.

இதற்குச் சாட்சியாக 2021-ஆம் ஆண்டு அணிலைக் கூப்பிடுகிறேன். அந்த ஜூன் மாதம், மரக்கிளைகள் கம்பியைத் தொடுவதும் அணில்கள் கம்பியில் ஓடுவதும் மின்தடைக்குக் காரணங்கள் என்று அன்றைய மின்துறை அமைச்சர் விளக்கினார். தமிழ்நாடே சிரித்தது. உண்மையில் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்த குருவிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு பிராணியின் உடல் மின்னோட்டமுள்ள பாகத்தையும் மண்ணோடு இணைந்த பாகத்தையும் ஒரே சமயத்தில் தொட்டால், மின்சாரம் அதன் வழியாகப் பாயும். பியூஸ் போகும், அல்லது காப்புச் சாதனம் பாதையைத் துண்டித்துவிடும். 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி இலங்கைத் தீவு முழுவதும் இருண்டதற்குப் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அந்நாட்டு அமைச்சர் அறிவித்தார்.

பின் ஏன் அணிலைக் கண்டு சிரித்தோம்? கதை எழுதுகிறவனுக்கு இதன் விடை தெரியும். முந்தைய அத்தியாயங்களில் காரண காரியங்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், பத்தாவது அத்தியாயத்தில் ஒரு விசித்திரமான சம்பவத்தை வைத்தாலும் வாசகன் நம்புவான். ஒன்பது அத்தியாயம் ‘வந்துரும், வந்துரும்’ என்று ஏய்த்துவிட்டுப் பத்தாவதில் திடீரென்று அணிலைக் கொண்டுவந்தால், அணில் நிஜமாகவே ஓடியிருந்தாலும் வாசகன் சிரிக்கத்தான் செய்வான். வருஷக்கணக்காக ஒரு காரணமும் சொல்லாதிருந்த மௌனத்துக்கு அந்த அணில் வட்டி கட்டிற்று.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் இடுப்பளவு சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனதை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். கோபம் இல்லாமல் போகவில்லை. நிவாரணம் தாமதமானதற்காக மறியல்களும் நடந்தன. ஆனால் அந்த ஊழியர்களுக்கு கிராமத்தார் சோறும் போட்டார்கள். அங்கே வாக்கியத்துக்குக் கர்த்தா கிடைத்துவிட்டான். அவன் சேற்றில் நின்றான்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. நாம் எப்படிப் பேசுகிறோம்? “கரண்ட் போச்சு”, “கரண்ட் வந்தாச்சு.” மின்சாரம் என்னவோ கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டுத் தானாகத் திரும்பி வரும் மருமகள் மாதிரி! அனுப்புகிறவரும் நிறுத்துகிறவரும் நம் பேச்சிலும் கிடையாது. விளக்கு எரிந்ததும் குழந்தைகள் ‘ஹே’ என்று கத்துகின்றன. பெரியவர்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போடுகிறோம். ஏன் போயிற்று என்று மறுநாள் கேட்கிறவர் தெருவுக்கு ஒருவர்கூட இல்லை.

“பழுது எப்போது தீரும் என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?” என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைத்தியராலும் ஜுரம் எந்த மணிக்கு இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன ஜுரம், என்ன மருந்து, மறுபடி எப்போது வந்து பார்ப்பார் என்று அவர் சொல்கிறார். அவ்வளவுதான் நாமும் கேட்பது. இது பிச்சையும் அல்ல. 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளில், திட்டமிட்ட நிறுத்தத்தின் விவரத்தை நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், எதிர்பாராத தடை என்றால் உடனே குறுஞ்செய்தி முதலிய வழிகளில் தகவலும், மின்சாரம் திரும்ப ஆகும் நேரத்தின் மதிப்பீடும் தர வேண்டும் என்றும் எழுதியே இருக்கிறது. சட்டத்தில் இருக்கும் வாசகம் தொலைபேசிக்கு வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

குறை சொல்லும் விமர்சகனைப் பார்த்து, “நீர் எழுதிக் காட்டும்” என்பது நம் பத்திரிகை உலகில் பழைய வழக்கம். ஆகையால் எழுதிக் காட்டிவிடுகிறேன்:

“நாளை காலை 9 மணிக்கு உங்கள் தெருவின் மின்சாரத்தை நாங்கள் நிறுத்துகிறோம். எங்கள் ஊழியர்கள் எட்டுப் பேர் கம்பியில் ஏறிக் கிளைகளை வெட்டி, இன்சுலேட்டர்களைத் துடைக்கிறார்கள். கீழ்க்கண்ட பதினாறு தெருக்களில் மட்டும் மின்சாரம் இராது. மாலை 5 மணிக்குத் திரும்பக் கொடுப்போம். தாமதமானால் 4 மணிக்கே சொல்லிவிடுவோம். வீட்டில் மருத்துவ இயந்திரம் வைத்திருப்பவர்கள் இன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள்.”

பழைய அறிவிப்பைவிட இது நாலு வரி கூடுதல். பத்திரிகைக்காரர்கள் இடம் கொடுப்பார்கள். இதை எழுத ஒரு யூனிட் மின்சாரம்கூட அதிகம் உற்பத்தி செய்ய வேண்டியதில்லை. புதிய அணையோ உலையோ கட்ட வேண்டியதில்லை. ‘நாங்கள்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்க ஓர் அதிகாரி சம்மதிக்க வேண்டும். ஐந்தாவது மாடியில் இருக்கும் அந்த மகன், மறுநாளைக்குள் சிலிண்டருக்கு ஏற்பாடு செய்துகொள்வான்.