சாராவைக் கூட்டிவந்த கவிதை

கவிதை எழுதி என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று யாராவது கேட்டால், இனி வாதாடப் போவதில்லை. டயானா ஃபெரஸ் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்தத் தென்னாப்பிரிக்கக் கவிஞர் சாரா பார்ட்மனுக்காக எழுதிய கவிதையைப் படித்ததிலிருந்து, கையில் அகப்படுகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து வாசித்துக் காட்டுகிறேன். வீட்டில் என்னைக் கண்டாலே நழுவ ஆரம்பித்துவிட்டார்கள்!

சாரா, தென்னாப்பிரிக்காவின் கம்டூஸ் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த கோய்கோய் இனப் பெண். 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய், அவள் உடம்பைக் காட்டிக் காசு வசூலித்தார்கள். அப்புறம் பாரிஸ். 1815 டிசம்பர் கடைசியில் அங்கேயே செத்துப்போனாள். அப்போதாவது விட்டார்களா? ஜார்ஜ் குவியே என்ற பெரிய விஞ்ஞானி அவளை அறுத்து, எலும்புக்கூட்டைத் தனியே எடுத்து, மூளையையும் பிறப்புறுப்பையும் புட்டியில் அடைத்தார். உடலை அப்படியே அச்செடுத்து வார்த்தும் வைத்தார்கள். பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970கள் வரை அவள் காட்சிப்பொருள். நேற்று நடந்த மாதிரி ரத்தம் கொதிக்கிறது எனக்கு.

மண்டேலா ஆட்சிக்கு வந்ததும் அவளைத் திருப்பிக் கேட்டார். அரசு அருங்காட்சியகத்தின் சொத்தை வெளியே கொடுக்கச் சட்டம் இடம் தராது என்று பிரெஞ்சுக்காரர்கள் இழுத்தடித்தார்கள்.

1998இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக்குப் படிக்கப் போயிருந்தார் ஃபெரஸ். அவருக்கும் கோய்கோய் வேர் உண்டு. ஊர் நினைப்பு வாட்டுகிறது. அதே ஐரோப்பாவில் நாதியற்றுக் கிடக்கும் சாராவின் நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. பிறந்தது கவிதை. அடடா, என்ன கவிதை! சாராவைப் பற்றிப் பேசவில்லை, சாராவிடமே பேசுகிறார். கூட்டிப்போக வந்திருப்பதாகச் சொல்கிறார். ஊர்ப் புல்வெளியையும் ஓடையையும் ஞாபகப்படுத்துகிறார். மலையடியில் அவளுக்குப் படுக்கை விரிக்கிறார், அதில் புச்சு மணக்கிறது. கேப் மலைகளில் வளரும் மூலிகை அது. பொடித்துக் கொழுப்பில் குழைத்து உடம்பில் பூசிக்கொள்வது கோய்கோய் வழக்கம். ஊரெல்லாம் அளந்து பார்த்த ஒரு உடம்புக்கு முதன்முறையாகச் சொந்த ஊர் வாசனை கிடைக்கிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆறுதல் சொல்லப் போனவர் முடிவில் தானே அவளிடம் ஆறுதல் வாங்கிக்கொள்வதெல்லாம் பெரிய கவிஞருக்கு மட்டுமே கைகூடுகிற வித்தை.

அடுத்து நடந்ததைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். நிக்கோலா அபூ என்ற பிரெஞ்சு செனட்டர் கண்ணில் இந்தக் கவிதை பட்டது. சாராவைத் திருப்பி அனுப்ப அவர் கொண்டுவந்த மசோதாவோடு, பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டு, கவிதையும் செனட் பதிவில் ஏறியது! 2002 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. சாராவை அழைத்துவரப் போன குழுவில் ஃபெரஸும் இருந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் 9 அன்று ஹேங்கி ஊரில் அடக்கம் செய்தார்கள். 1956இல் அதே தேதியில்தான் கறுப்பினத்தவர் மீது திணித்த அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்டார்கள். அதனால் தென்னாப்பிரிக்காவில் அது பெண்கள் தினம்.

ஃபெரஸ் சாராவைப் பாடினார்; இப்படி ஆளைப் புகழ்ந்து பாடுவது அந்த நாட்டில் பழைய கலை. அரசவைப் புகழ்ப்பாடகர் என்றால் ஆண்தான் என்றிருந்த காலத்தில், 1920களிலேயே நோன்ட்சிசி ம்க்வேட்டோ என்ற பெண் ஜோஹன்னஸ்பர்க் பத்திரிகையில் கோசா மொழிப் புகழ்ப்பாக்களாகப் பொளந்துகட்டியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட துணிச்சல்காரி! அவரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் பிரதான மண்டபத்துக்கு இப்போது சாரா பெயர். ஒரு மாவட்டத்துக்கும் அவள் பெயர்தான். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனாலும் ஆயிரம் பெயர்ப்பலகை அந்தப் புச்சு மணக்கும் படுக்கைக்கு ஈடாகாது என்பது என் கட்சி. ஃபெரஸ் தன் குரலிலேயே அந்தக் கவிதையைச் சொல்லும் காணொளிகள் இருக்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.