எனர்ஜிபிளஸ் மென்பொருளில் மின்விளக்குச் சுமை: ஒரு திறனாய்வு

எனர்ஜிபிளஸ் என்பது ஒரு கட்டடம் ஓராண்டில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் உருவகப்படுத்தல் மென்பொருள் ஆகும். பிளாஸ்ட், டிஓஇ-2 ஆகிய பழைய நிரல்களின் வழிவந்த இது, அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியுதவியுடன் உருவாக்கப்பட்டு 2001 ஆம் ஆண்டு வெளியானது. இக்கட்டுரை, அம்மென்பொருள் மின்விளக்குகளைக் கையாளும் முறையின் நிறைகுறைகளை ஆராய்கிறது.

கணக்கிடும் முறை

விளக்குச் சுமை மூன்று எண்களின் பெருக்கலாகப் பெறப்படுகிறது. முதலாவது, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்னும் திறன் அடர்த்தி. இரண்டாவது, தரைப்பரப்பு. மூன்றாவது, எந்த நேரத்தில் எத்தனை பங்கு விளக்குகள் எரிகின்றன என்பதை 0 முதல் 1 வரையான எண்ணால் கூறும் நேர அட்டவணை.

இவ்வாறு கிடைத்த மின்திறன் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. மென்பொருள் அதை நான்காகப் பிரிக்கிறது: வெப்பக் கதிர்வீச்சு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, குளிரூட்டியின் திரும்புகாற்றோடு வெளியேறுவது, எஞ்சியது அறைக்காற்றை நேரடியாகச் சூடாக்குவது. காற்றில் சேரும் வெப்பம் உடனே குளிரூட்டியின் சுமையாகிறது. கதிர்வீச்சோ முதலில் சுவரிலும் தரையிலும் உறிஞ்சப்பட்டு, பின்னர் மெல்ல வெளிவருகிறது. இக்காலத் தாழ்வை முறையாகக் கணக்கில் கொள்வது எனர்ஜிபிளசின் பெருஞ்சிறப்பாகும். வாட்டைப் பரப்பால் பெருக்கி நிறுத்திவிடும் கைக்கணக்கில் இது கிடைக்காது.

இயல்புநிலை மதிப்புகளின் சிக்கல்

இந்நுட்பம் பயனரின் கவனத்தைப் பொறுத்தது. மேற்கூறிய முதல் மூன்று பங்குகளையும் நிரப்பாமல் விட்டால் அவை சுழியமாகக் கொள்ளப்படும். வெப்பம் முழுவதும் அக்கணமே காற்றில் சேர்ந்துவிடும். இதனால் உச்சக் குளிரூட்டும் சுமை மிகையாகத் தெரிந்து, தேவைக்குப் பெரிய குளிரூட்டி தேர்வாகும் வாய்ப்பு உண்டு. கையேட்டில் உள்ள வழிகாட்டு அட்டவணையோ குழல்விளக்குகளுக்கானது. கூரையில் பதித்த குழல்விளக்குக்குக் கதிர்வீச்சு 0.37, ஒளி 0.18, காற்றுக்கு 0.45 என்று அது கூறுகிறது. எல்.இ.டி. விளக்கு வெப்பத்தைப் பெரும்பாலும் தன் பின்புற உலோகப் பகுதி வழியே வெளியேற்றுவதால், இவ்வெண்களை அதற்கு அப்படியே பயன்படுத்துவது பொருந்தாது.

பகலொளிக் கட்டுப்பாட்டிலும் இதே நிலைதான். படிப்படியாக மங்கும் விளக்கு எவ்வளவு மங்கினாலும் 0.3 பங்கு மின்சாரத்தை இழுக்கும் என்பது இயல்புநிலை மதிப்பு. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பல இதைவிட மிகக் கீழே இறங்கக்கூடியவை. கையால் அணைக்கும் விளக்குகளுக்கு இன்னும் வியப்பான மதிப்பு உள்ளது. பகலொளி போதும் என்றால் பயனர் விளக்கைக் குறைப்பதற்கான நிகழ்தகவு 1, அதாவது அவர் ஒருபோதும் தவறமாட்டார் என்று கொள்ளப்படுகிறது. பிரித்தானியாவில் ஹன்ட் 1979 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. மக்கள் அறைக்குள் நுழையும்போது வெளிச்சத்தைப் பார்த்து விளக்கைப் போடுகிறார்கள். போட்ட பிறகு, கடைசி ஆள் வெளியேறும் வரை பெரும்பாலும் அணைப்பதில்லை என்று அது காட்டியது.

நேர அட்டவணையே பெரும்பிழை

எனினும், மிகப் பெரிய பிழை வெப்பப் பங்கீட்டில் இல்லை, நேர அட்டவணையில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டு: 1,000 சதுர மீட்டர் அலுவலகம், சதுர மீட்டருக்கு 10 வாட், ஆக மொத்தம் 10 கிலோவாட். ஆண்டின் 8,760 மணிகளில் 3,000 வேலை மணிகளில் 90 விழுக்காடும், எஞ்சிய 5,760 மணிகளில் 5 விழுக்காடும் விளக்குகள் எரிவதாகக் கொள்வோம். செலவு 29,880 யூனிட். இரவில் எரிவது 25 விழுக்காடு என்று மட்டும் மாற்றினால் அது 41,400 யூனிட் ஆகிறது. யாரும் இல்லாத நேரத்தைப் பற்றிய ஓர் ஊகம் விடையை ஏறத்தாழ 39 விழுக்காடு உயர்த்திவிடுகிறது. வெப்பப் பங்குகளை எப்படி மாற்றினாலும் விளக்குகளின் மின்செலவு ஒரு யூனிட் கூட மாறாது.

விதிமுறைகள் முதல் எண்ணைத்தான் இறுக்குகின்றன. ஆஷ்ரே 90.1 தரநிலை முழுக்கட்டட முறையில் அலுவலகங்களுக்கு அனுமதித்த அடர்த்தி, 2004 பதிப்பில் சதுர மீட்டருக்கு 10.8 வாட்டாக இருந்து 2019 பதிப்பில் 6.9 வாட்டாகக் குறைந்தது. நேர அட்டவணை மட்டும் பெரும்பாலும் ஒரு வார்ப்புருவிலிருந்து கேள்வியின்றி நகலெடுக்கப்படுகிறது. ஒப்பீட்டுக் கட்டடத்துக்கும் திட்டமிட்ட கட்டடத்துக்கும் ஒரே அட்டவணை தரப்படுவதால் பிழை நீங்கிவிடும் என்று சிலர் கருதுவர். அது சரியன்று. சேமிப்பு என்பது குறைத்த வாட்டை எரியும் மணிகளால் பெருக்குவது. மணிகள் தவறினால் வாக்களித்த சேமிப்பும் அதே விகிதத்தில் தவறும். அச்சேமிப்பை நம்பி முதலீடு செய்தவரே இழப்பை ஏற்க நேரும்.

மதிப்பீடு

இக்குறைக்கு மென்பொருளை மட்டும் பொறுப்பாக்க இயலாது. அளந்தறிந்த அட்டவணையை வெளிக்கோப்பிலிருந்து படிக்கும் வசதி அதில் உள்ளது. களத் தரவுகளின் அடிப்படையில் ரைன்ஹார்ட் உருவாக்கிய லைட்ஸ்விட்ச்-2002 போன்ற பயனர் நடத்தை மாதிரிகளின் விடையையும் அவ்வழியே உள்ளிடலாம். ஆயினும், மூன்று வெப்பப் பங்குகளுக்குத் தனித்தனிக் கட்டம் வைத்த மென்பொருள், மனிதர் தவறமாட்டார் என்பதை இயல்புநிலையாக வைத்திருப்பது ஏற்கத்தக்கதன்று. அறிக்கை எழுதுவோர் ஒற்றை விடைக்குப் பதிலாக, குறைந்தது இரு அட்டவணைகளின் விடைகளைத் தந்து, விளக்குகள் ஆண்டுக்கு எத்தனை முழுச்சுமை மணிகள் எரிவதாகக் கொண்டனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த எண் இல்லாத அறிக்கையில், விளக்குச் சேமிப்பு என்று காட்டப்படும் தொகையைச் சரிபார்க்க வாசகருக்கு வழியில்லை.