வேலிக்கு உள்ளே

செத்தவர்கள் எழுந்து நடமாடும் நாவலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது வேலியைத்தான். எதைக் கொண்டு கட்டியிருக்கிறார்கள், யார் காவல், பழுதுபட்டால் யார் போய்ச் சரிசெய்வது, அந்த ஆளுக்கு என்ன கூலி? இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கும் எழுத்தாளரை நம்பி முந்நூறு பக்கம் போகலாம். யோசிக்காதவர் பத்தாம் பக்கத்திலேயே ரத்தத்தைக் கொட்டத் தொடங்கிவிடுவார். அப்புறம் கொட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

உண்மையைச் சொன்னால் ஜாம்பி ஒரு சோப்ளாங்கி எதிரி. மெதுவாக நடக்கும், பேசாது, திட்டம் போடாது. யார் மீதும் அதற்குத் தனிப்பட்ட பகை கிடையாது. வில்லனாக இருக்க எந்தத் தகுதியும் இல்லாத இந்தப் பிறவியால் நாவலாசிரியருக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. அது பாட்டுக்கு வெளியே நின்று முனகிக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கோ பொழுது ஏராளம். ரேஷன், தண்ணீர், காதல், பொறாமை, பெரியவர்கள் சொல்லிவைத்த பொய் என்று அந்தப் பொழுதை எப்படி நிரப்புகிறார் என்பதில்தான் எழுத்தாளரின் கைவண்ணம் தெரியவரும். பதின்வயதினருக்கென்று எழுதப்பட்ட ஆங்கில நாவல்களில் இந்தக் கைவண்ணம் 2009 தொடங்கிச் சில ஆண்டுகள் வியக்கத்தக்க அளவுக்குக் கூடிவந்தது.

அதைப் புரிந்துகொள்ள ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) வரை பின்னால் போக வேண்டும். இன்று நாம் ஜாம்பி என்று அறிந்திருப்பது ஏறக்குறைய அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் போட்ட உருதான். வெளியிடும் சமயத்தில் தலைப்பை மாற்றியவர்கள் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்காமல் விட்டுவிட்டதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிப் போனது. அந்த உருவை யாரும் எடுத்தாளலாம், யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. படத்தின் கடைசிப் பகுதியில் நிலவறைக் காட்சி ஒன்று வரும். கடிபட்டுக் கிடந்த சிறுமி எழுந்து தகப்பனைத் தின்கிறாள், ஓடிவரும் தாயைக் கரணையால் குத்திக் கொல்கிறாள். பிள்ளைகளைக் கண்டு பெற்றவர்கள் மிரண்டிருந்த அறுபதுகளின் அமெரிக்கா அந்தக் காட்சியில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து இளையோர் நாவல் இதைத் தலைகீழாக்கியது. இப்போது வேலியைப் பிடித்து உலுக்குவது அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார். உள்ளே நிற்பது பிள்ளை.

கேரி ரயனின் ‘த ஃபாரஸ்ட் ஆஃப் ஹேண்ட்ஸ் அண்ட் டீத்’ (2009) இந்தத் தலைகீழ் மாற்றத்தின் மிக அழகான வடிவம். காட்டுக்கு நடுவே ஒரு கிராமம், அதைச் சுற்றி இரும்புக் கம்பிவலை. வேலியைச் செப்பனிடக் காவலர்கள் உண்டு. எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதைத் தீர்மானிக்கக் கன்னியர் சபை ஒன்று உண்டு. உலகத்தில் மிச்சமிருக்கும் மனிதர்கள் தாங்கள் மட்டுமே என்று ஊரே நம்புகிறது. மேரியின் அம்மா அவளுக்குக் கடலைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். காட்டுக்குள் காணாமல் போன கணவனின் முகம் அந்தக் கூட்டத்தில் தென்படாதா என்று வேலியோரம் போய் நிற்பவள் அவள். ஒருநாள் கொஞ்சம் அதிகமாக நெருங்கிவிடுகிறாள்.

அந்த நேரத்தில் மேரி எங்கே இருந்தாள்? ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு அடியில் ஒரு பையன் அவள் கையைப் பிடித்திருந்தான், அதனால் வீடு திரும்பச் சற்றே தாமதம். அவ்வளவுதான். உலகமே அழிந்துபோன கதையில் நாயகியின் குற்ற உணர்வுக்கு ரயன் வைத்த அளவு அந்தச் சில நிமிடங்கள். சாதாரண எழுத்தாளராக இருந்தால் ஒரு துரோகத்தையோ பெரிய சண்டையையோ வைத்திருப்பார். ரயனுக்குப் பதினாறு பதினேழு வயதுக் குற்ற உணர்வின் சரியான எடை தெரிந்திருக்கிறது. கடிபட்ட அம்மாவுக்கு ஊர் வழக்கப்படி ஒரு தேர்வு உண்டு: இப்போதே கொல்லப்படலாம், அல்லது உருமாறிய பின் காட்டுக்குள் விடப்படலாம். அவள் கணவன் போன இடத்துக்கே போகிறேன் என்கிறாள்.

பிறகு வேலியிட்ட பாதை ஒன்றின் வழியாக வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்து சேர்கிறாள். அப்படியென்றால் வெளியே வேறு ஊர் இருக்கிறது! கன்னியர் சபை அவளை ஒளித்து வைக்கிறது. அந்தப் பக்கத்தோடு நம் பயம் இடம் மாறிவிடுகிறது. அதுவரை வேலிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி உள்ளே பார்க்கத் தொடங்குகிறோம். நோய் எங்கிருந்து வந்தது, காட்டுப் பாதைகளுக்கு யார் வேலி போட்டார்கள், வாயில்களில் ஏன் ரோமன் எண்கள் என்பதையெல்லாம் மேரிக்குத் தெரியவரும் அளவுக்கு மேல் ரயன் சொல்வதில்லை. நாவல் முழுக்க நிகழ்காலத்தில், மேரியின் வாய்மொழியாகவே போகிறது. ‘போனேன், பார்த்தேன்’ என்று ஒருத்தி சொன்னால் அவள் பிழைத்துவிட்டாள் என்பது நமக்குத் தெரிந்துவிடும். ‘போகிறேன், பார்க்கிறேன்’ என்பவளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கடிபட்டால் அந்த வாக்கியத்தின் நடுவிலேயே குரல் நின்றுபோகலாம். இந்த வகை எழுத்தில் நிகழ்காலம் அலங்காரமாக இல்லாமல் வேலை செய்வது இதனால்தான்.

ஜோனதன் மேபெரியின் ‘ராட் அண்ட் ரூயின்’ (2010) வேறு ஜாதி. ரயனிடம் காடும் மௌனமும் என்றால் இவரிடம் ஊரும் வம்பும். அழிவு நடந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கலிஃபோர்னியாவின் மலைப்பகுதியில் வேலியடைத்த ஒரு சிற்றூர். பதினைந்து வயதானால் வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ரேஷன் பாதியாகிவிடும். எனவே பென்னி இமுரா வேலை தேடி அலைகிறான். நாவலின் தொடக்க அத்தியாயங்கள் இந்த அலைச்சல்தான். எனக்கு அவைதான் ஆகப் பிடித்தவை. வேலியைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பூட்டு வேலை: இந்த உலகத்தில் எப்படிச் செத்தாலும் எழுந்துவிடுவார்கள் என்பதால், தூக்கத்திலேயே யாராவது இறந்துவிட்டால் என்ன செய்வது என்று படுக்கையறைக்கும் பூட்டு வேண்டும். காணாமல் போனவரின் பழைய புகைப்படத்தைப் பார்த்து அவர் இப்போது ஜாம்பியாக எப்படி இருப்பார் என்று வரைந்து தரும் ஓவியரிடம் உதவியாளர் வேலை. பேரழிவுக்குப் பிறகும் ஊர் என்று ஒன்று நடந்தால் அதில் என்னென்ன தொழில் முளைக்கும் என்பதை இத்தனை குறும்போடு யோசித்தவர்கள் குறைவு. பையன்கள் பிரபல ஜாம்பிகளின் படம் போட்ட அட்டைகளைச் சேகரித்து மாற்றிக்கொள்கிறார்கள் என்பது கொசுறு.

கடைசியில் பென்னிக்குக் கிடைப்பது அண்ணன் டாமிடம் எடுபிடி வேலை. அண்ணனை அவன் கோழை என்று வெறுக்கிறான். அழிவு தொடங்கிய இரவில் அம்மாவை விட்டுவிட்டுக் கைக்குழந்தையான தன்னைத் தூக்கிக்கொண்டு டாம் ஓடியதுதான் அவனுக்கு இருக்கும் முதல் நினைவு. டாமின் தொழில் விசித்திரமானது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் வேலியைத் தாண்டிப் போய் அவர்களுடைய உறவினர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பார். அவரைக் கட்டிவைத்து, வீட்டார் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் முன்னால் வாசித்து, அதன் பிறகே கத்தியை எடுப்பார். கேட்பவருக்கு ஒரு எழுத்தும் விளங்கப்போவதில்லை. ஆனாலும் வாசிக்கிறார். இழவு வீட்டில் பங்காளிகளுக்குரிய பொறுமை அவருக்கு. இதே வெளியில் வேறு சிலர் ஜாம்பிகளைச் சித்திரவதை செய்து சிரிக்கிறார்கள். பென்னி இதுநாள் வரை வீரர்கள் என்று வாய்பிளந்து பார்த்தவர்கள் அவர்கள். தன் முதல் நினைவில் அந்த இரவு உண்மையில் என்ன நடந்தது என்பதை அவன் திரும்பப் படித்துக்கொள்ளும் விதம்தான் நாவலின் முதுகெலும்பு. பின்பாதியில் வரும் சண்டைகள் நீளம். ஒரு கத்தரிக்கோல் உதவியிருக்கும்.

கனடாவின் கோர்ட்னி சம்மர்ஸ் ‘திஸ் இஸ் நாட் எ டெஸ்ட்’ (2012) நாவலில் வேலியை ஒரு பள்ளிக்கூடமாகச் சுருக்கிவிட்டார். ஆறு மாணவர்கள், மேசைகளை அடுக்கி அடைத்த கதவுகள், வெளியே இடிக்கும் ஓசை. பல பக்கங்களுக்கு ஜாம்பி கண்ணிலேயே படுவதில்லை, காதில்தான். இதிலுள்ள துணிச்சல் கதைசொல்லி ஸ்லோனிடம் இருக்கிறது. மற்ற ஐவரும் எப்படியாவது உயிர் பிழைக்கத் துடிக்கும்போது, அழிவுக்கு முன்பே சாக முடிவெடுத்திருந்த பெண் அவள். அடிக்கும் அப்பா, விட்டுவிட்டுப் போன அக்கா. தப்பிப் பிழைத்தல் என்ற வகைமையின் அடிப்படை விதியையே ஏற்காத ஒருத்தியை நடுவில் உட்கார வைத்ததும், மற்றவர்களின் ஒவ்வொரு சாகசமும் கேள்விக்குள்ளாகிறது. ஒரு ஆசிரியர் எப்படியோ உள்ளே வந்து சேரும் இடம் இன்னொரு நுட்பம். பெரியவர் ஒருவர் வந்துவிட்டார் என்ற நிம்மதி நொடியில் கரைந்து, அவர் எந்த வழியாக வந்தார் என்ற கேள்வி எழுகிறது. அடைக்காத வழி ஒன்று எங்கோ இருக்கிறது.

சார்லி ஹிக்சனின் ‘த எனிமி’ (2009) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லண்டனில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் நோய்ப்பட்டுவிட, பிள்ளைகள் ஹாலோவே பகுதி வெய்ட்ரோஸ் பல்பொருள் அங்காடியில் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். வேகம் அதிகம். எந்தப் பிள்ளையையும் கொல்ல ஹிக்சனுக்குக் கை நடுங்காது. பக்கிங்காம் அரண்மனையைப் பிடித்து வைத்திருக்கும் டேவிட் என்ற பையன், சீழ்பிடித்த அரச குடும்பத்தாரை அறைக்குள் அடைத்து வைத்து, அவர்களை முன்னிறுத்தி ஆளத் திட்டமிடுவது மட்டும் முதல்தரமான அங்கதம்.

ஜஸ்டினா அயர்லண்டின் ‘ட்ரெட் நேஷன்’ (2018) வேலியோரம் நிற்கும் ஆளின் தோல் நிறத்தைக் கேட்கிறது. 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் செத்த வீரர்கள் எழுகிறார்கள், அமெரிக்க உள்நாட்டுப் போர் திசைமாறுகிறது. கறுப்பின, பூர்வகுடிப் பிள்ளைகள் போர்ப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்று சட்டம் வருகிறது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளைக் காப்பதற்கு அவர்கள். பால்டிமோரில் அப்படியொரு பள்ளியில் படிக்கும் ஜேன் மெக்கீன் அரிவாளும் கிண்டலும் கைவந்தவள். கார்லைல் போன்ற பூர்வகுடி உண்டுறைப் பள்ளிகள் அமெரிக்காவில் நிஜமாகவே இருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கற்பனை சுடும். ஹைத்தியில் பிறந்த ஜாம்பி, செத்தும் எஜமானுக்கு உழைக்கும் அடிமையைப் பற்றிய அச்சம்தான். ஹாலிவுட் கழற்றிவிட்ட அந்த வரலாற்றை அயர்லண்ட் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

குறைகளும் உண்டு. இரண்டு பையன்களுக்கு நடுவில் ஒரு பெண் என்ற வாய்ப்பாடு ரயனையே விடவில்லை. தொடர்ச்சி நாவல்கள் பெரும்பாலும் பதிப்பகத்தின் பசிக்கு எழுதப்பட்டவை. மேரியை விட்டு அடுத்த தலைமுறைக்கு நகர்ந்த ரயனின் ‘த டெட் டாஸ்ட் வேவ்ஸ்’ (2010) தப்பித்த விதிவிலக்கு. வேலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ் ஜாம்பிப் படமான ‘மிருதன்’ (2016) உதாரணம். அதன் நாயகன் போக்குவரத்துக் காவலர். கையில் துப்பாக்கி வந்துவிட்டால் வேலிக்கு அவசியம் இல்லை, வேலிக்குள்ளே நடக்கும் கதைக்கும் இடமில்லை.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருவதென்றால் மேபெரியில் தொடங்கலாம். அண்ணன் தம்பி உறவு முன்னால் இழுத்துக்கொண்டு போகும். ரயனுக்கு இரண்டு மூன்று வயது கூடட்டும். சம்மர்ஸைக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள், தற்கொலை எண்ணத்தை மூடி மறைக்காமல் பேசும் புத்தகம் அது. படித்து முடித்த பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.