கால் நனையாதவனா சிஸ்லி?

அல்ஃப்ரெட் சிஸ்லி 1876இல் தீட்டிய 'போர்ட் மார்லியில் வெள்ளம்' ஓவியத்தின் அச்சுப் பிரதியை முதல்ல பார்த்தப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் தண்ணிக்குள்ள நிக்குது, இவர் மேகத்தை வரைஞ்சிக்கிட்டு இருக்கார்! இடதுபக்கம் ஒயின் வியாபாரி ஒருவரின் கட்டடம். படகு, சின்னச் சின்னதாய்ச் சில ஆட்கள், இலையுதிர்ந்த மரங்கள். மீதியெல்லாம் வானமும், அதைத் திருப்பிக் காட்டும் தண்ணீரும். அழுகை இல்லை, ஓட்டம் இல்லை. வெள்ளத்தில் அழகு தேடுகிறவன் கால் நனையாதவன் என்று அப்போதே தீர்ப்பெழுதிவிட்டேன்.

பிறகு நிக்கோலா புசானின் பிரளய ஓவியத்தோடு வைத்துப் பார்த்தேன். 1660களில் வரைந்தது, லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாறைமேல் பாம்பு, கவிழும் படகு, குழந்தையை மேலே தூக்கிக்கொடுக்கும் கைகள். பதறவைக்கிறது, மறுக்கல. ஆனால் அந்த மனிதர்களுக்கு ஊர் கிடையாது. சாவதற்காக மட்டுமே சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டவர்கள். அது விவிலியத்து வெள்ளம், தண்டனை. சிஸ்லியுடையது சேன் நதி. யாருடைய பாவத்துக்காகவும் வரவில்லை. கடைச் சுவரில் 'புனித நிக்கோலாஸ்' என்று பெயர்கூட இருக்கு. ஆட்கள் படகில் அவங்கவங்க வேலையைப் பார்க்கிறாங்க. எளிய மனிதர்கள் ஓவியத்துக்குள் வரணும்னா கதறிக்கொண்டுதான் வரணும் என்று எதிர்பார்த்தது புசான் மட்டுமல்ல, நானும்தான்.

இதற்காக சிஸ்லியை முழுசா விட்டுவிட முடியாது. அந்த ஆட்களுக்கு முகமில்லை. மேகத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். வீட்டுக்குள் புகுந்த சேறும் நாற்றமும் இந்தத் தெளிந்த நீலத்தில் எங்கே?

ஆனால் 'கால் நனையாதவன்' என்ற தீர்ப்பு நிற்காது. இவர் தூரத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவரல்ல, பக்கத்து மார்லி-லெ-ருவாவில் குடியிருந்தவர். அப்பாவின் பட்டு வியாபாரம் 1870 யுத்தத்தோடு நொடித்துப்போனது. அதுக்கப்புறம் கடைசிவரை வறுமைதான். பாரிசில் பிறந்தும், பெற்றோர் ஆங்கிலேயர் என்பதால் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமலே 1899இல் செத்துப்போனார். மறு ஆண்டே இந்த ஓவியம் ஏலத்தில் 43,000 பிராங்குக்குப் போனது. விற்றவர் ஒரு சேகரிப்பாளர், வாங்கியவர் இசாக் து கமோந்தோ என்ற இன்னொரு சேகரிப்பாளர். மறுவிற்பனையில் ஓவியனுக்கும் வாரிசுகளுக்கும் பங்கு தரும் சட்டம் பிரான்சில் 1920இல்தான் வந்தது.