உருவிலியும் குரலும்: ‘கோச்சடையான்’ இசையும் மலையக இரசனையும்

திரைப்பாடலை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்குவோர் நம்மிடையே இன்றும் உளர். நாட்டார் பாடலுக்கு விரிவுரை மண்டபத்திலே இடமுண்டு. திரைப்பாடலுக்குச் சிற்றுண்டிச்சாலையோடு சரி. ஆயினும் மலையகத் தமிழரின் இசையனுபவத்தைப் பற்றிப் பேசப் புகும் எவரும் திரைப்பாடலை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஹற்றன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் மூன்று தலைமுறையினர் கேட்ட இசையிற் பெரும்பகுதி அதுவே. அதனை அவர்கள் எவ்வாறு கேட்டனர், எந்த அளவுகோல் கொண்டு மதித்தனர் என்ற வினாவை ஒரு படத்தின் இசையை முன்வைத்து இங்கு எழுப்ப விரும்புகின்றோம். அப்படம் 2014ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி வெளிவந்த ‘கோச்சடையான்’.

படத்தைப் பற்றிய விபரங்களைச் சுருங்கக் கூறலாம். இயக்கியவர் சௌந்தர்யா ரஜினிகாந்த். நடிகரின் உடலசைவுகளைக் கருவிகள் மூலம் பதிவுசெய்து, அவ்வசைவுகளைக் கணினி வரைந்த உருவங்களின்மேல் ஏற்றிக் காட்டும் முறையில் அது தயாரிக்கப்பட்டது. 2009இல் மறைந்த நாகேஷின் உருவமும் அவ்வாறே அதில் மீள ஆக்கப்பட்டது. இசை ஏ. ஆர். ரஹ்மானுடையது, பாடல்களிற் பெரும்பாலானவற்றை இயற்றியவர் வைரமுத்து. நமக்கு முக்கியமானது காலக்கணக்கு. எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய முதற்பாடல் 2013 ஒக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஏனைய பாடல்கள் 2014 மார்ச் 9ஆம் திகதி சென்னையில் வெளியிடப்பட்டன. படமோ தவணை தள்ளித் தள்ளியே திரைக்கு வந்தது. ஆக, ஏழு மாதங்களுக்கு மேலாக இரசிகர்கள் கண்டது ஒன்றுமில்லை, கேட்டது மட்டுமே.

கேட்டபொழுது எழுந்த எதிர்வினையும் கண்டபொழுது எழுந்த எதிர்வினையும் ஒன்றல்ல. பாடல்கள் வந்த காலத்திற் பெரும்பாலும் பாராட்டே நிலவியது. ரஹ்மானின் இரசிகர் அதன் வாத்திய விரிவை வியந்தனர். ரஜினியின் இரசிகருக்குப் பாலசுப்பிரமணியத்தின் குரல் மீண்டும் தம் தலைவனுக்கு வாய்த்ததே போதுமானதாயிருந்தது. இளையராஜாவின் பக்கம் நிற்போர் வழமைபோல உதட்டைப் பிதுக்கினர். படம் வந்ததும் பேச்சு மாறியது. ‘பொம்மைப்படம்’ என்ற ஒரே சொல்லால் அது தீர்த்துக்கட்டப்பட்டது. பாட்டு நன்று, படம் பொம்மை என்ற தீர்ப்பு தமிழகத்திலும் இங்கும் ஒரேவிதமாக நிலைபெற்றுவிட்டது. இத்தீர்ப்பின் பிற்பாதியோடு நமக்குப் பெரிய முரண்பாடில்லை. முற்பாதியே ஆராயத்தக்கது. பொம்மை பொம்மையாகவே நின்றதென்றால், அதற்கு உயிர் கொடுக்க வேண்டிய இசை வென்றுவிட்டது என்று எவ்வாறு கூற முடியும்?

பாட்டு வேறு, படம் வேறு என்று பிரித்துக் கேட்கும் இப்பழக்கம் மலையகத்திலே தற்செயலாக உண்டானதன்று. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிய நாளிலிருந்து பாடல் தோட்டத்துக்கு முதலில் வந்தது. படம் பின்னர் வந்தது, அல்லது வராமலே போயிற்று. 1970களில் வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமானபோது இவ்விடைவெளி மேலும் அகன்றது. படம் வந்தாலும் அது நகரத்துக் கொட்டகைக்கே வரும். அங்கு போய்வரச் சம்பளநாள் வேண்டும், பஸ் வேண்டும், மழை விட வேண்டும். வானொலிக்கோ இவை எவையும் வேண்டியதில்லை. லயத்திலே ஒரு காம்பராவில் ஒரு பெட்டி இருந்தாற் போதும். கூரை வரை எட்டாத இடைச்சுவர்களைத் தாண்டி அது பல குடும்பங்களுக்கும் பாடியது. எஸ். பி. மயில்வாகனம், பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையும் பாடியவரையும் சொல்லிப் பாடலை ஒலிபரப்பிய முறையினால், படத்தைக் காணாத ஒருவருக்கும் பாடியவர் யார் என்பது மனப்பாடமாகியிருந்தது. நடிகனின் முகத்துக்கு முன்னரே பாடகனின் பெயர் இங்கு அறிமுகமாயிற்று என்று கூறுவது மிகையாகாது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோதும் 1992இல் ‘ரோஜா’ வந்தபோதும் புதிய இசையொன்று பிறந்துவிட்டதை மலைநாட்டார் காதினாலேயே உணர்ந்தனர்.

இவ்வாறு பண்பட்ட காது ஒரு பெரும் பேறு. அதே வேளை அதற்கொரு குறைபாடும் உண்டு. பாடலை முழுமையான, தனித்த பொருளாகவே அது கேட்கும். காட்சியின் உள்ளே அப்பாடலுக்கு என்ன வேலை என்று கேட்காது. பாடல்களைத் தவிர்ந்த பின்னணி இசையை அது ஏறக்குறைய கேட்பதேயில்லை. சாதாரணப் படமொன்றில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. அங்கே நடிகனின் கண்ணும் கையும் மூச்சும் திரையில் உள்ளன. இசை பிழைத்தாலும் உடல் காப்பாற்றும். அசைவூட்டப் படத்தில் நிலைமை தலைகீழானது. அங்கே பொதுவாகக் குரலே முதலிற் பதிவாகிறது. அக்குரலுக்கேற்ப வாயசைவு பின்னர் வரையப்படுகிறது. டிஸ்னியின் 1940ஆம் ஆண்டுப் படமான ‘பன்டாசியா’வில், முன்னரே உள்ள இசைக்கு ஏற்பச் சித்திரங்கள் வரையப்பட்டன. வரைந்த உருவத்துக்கு நிறையும் மூச்சும் இல்லை. அது நடந்தால் நிலம் அதிராது. அந்த அதிர்வை ஒலிதான் தர வேண்டும். எனவே அசைவூட்டப் படத்தின் இசையைப் பாராட்டுவோர் ‘இனியது’ என்று கூறி நின்றுவிட முடியாது. உருவம் எழுந்து நடந்ததா என்றும் கூற வேண்டும்.

இந்த அளவுகோலை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. அது தோட்டத்திலேயே இருக்கிறது. மாசி மாதத்தில் காமன் ஊன்றப்படுகிறது. ஊன்றப்படுவது ஓர் உடலன்று, வெறும் கம்பமே. சிவனுடைய நெற்றிக்கண்ணால் எரிந்து உருவிழந்தவன் ஆதலால் காமனுக்கு உருவிலி என்றும் அனங்கன் என்றும் பெயர். உடலில்லாத அவ்வொருவனுக்காகத்தான் ஊரே கூடி அழுகின்றது. அவ்வழுகையை நிகழ்த்துவது எது? தப்பும் உறுமியும், ரதியின் புலம்பலுமே. வேடமிட்டவர் பெரும்பாலும் அன்று காலை கொழுந்து நிறுத்த இடத்திலோ கவ்வாத்து மலையிலோ நாம் கண்ட அயலவர், ஒப்பனையும் எளிது. அப்படியிருந்தும் தப்பின் அடி மாறியதும் அவர் வேறொருவர் ஆகிவிடுகிறார். அதிகாலையிலே வேலைக்கழைக்கும் பெரட்டுத் தப்பு வேறு, சாமிக்குரிய அடி வேறு, சாவுக்குரிய அடி வேறு என்பதை மலையகத்துச் சிறுபிள்ளையும் அறியும். கூத்தின் இசையை ‘நல்ல இசை’ என்று தனியே பிரித்து எவரும் பாராட்டுவதில்லை. காமன் எரிந்தானா, ரதியின் குரல் நெஞ்சைத் தைத்ததா என்பதே அங்கு கேள்வி. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்தபோது அவற்றைப் பாடியோரின் வாழ்விலிருந்து பிரிக்காது நோக்கியதை இவ்விடத்து நினைவுகூரலாம். ஒரே மக்கள் கூத்துக்கு ஓர் அளவுகோலும் திரைக்கு இன்னோர் அளவுகோலும் வைத்திருப்பது விசித்திரமே.

கூத்தின் அளவுகோலைக் கொண்டு ‘கோச்சடையான்’ இசையை நோக்கினால் தீர்ப்பு சற்று வேறுபடுகின்றது. பாலசுப்பிரமணியம் பாடிய முதற்பாடலை எடுத்துக்கொள்வோம். பெரும் குழுக்குரல்களும் வாத்தியங்களும் சூழ்ந்து நிற்க, நடுவே அக்குரல் எழுகின்றது. இக்குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. ‘அண்ணாமலை’, ‘பாட்ஷா’, ‘முத்து’, ‘படையப்பா’ என்று தொடர்ந்து ரஜினிகாந்த் திரையில் அறிமுகமாகும் பாடலை அவரே பாடினார். 2010இல் ‘எந்திரன்’ படத்திலே ஒரு விஞ்ஞானி இயந்திர மனிதனைப் படைக்கும் வேளையிலும் அவர் குரலே ஒலித்தது. ஆகவே 2014இல் உடலற்ற ஓர் உருவுக்கு அக்குரல் வழங்கப்பட்டபோது, கேட்பவர் தம் மனத்திலே முன்னைய படங்களின் உடலைக் கொண்டுவந்து அவ்வுருவுக்குள் வைத்துவிட்டனர். பாடலின் வெற்றி இதுவே. அது மெட்டினால் மட்டும் வந்ததன்று. இருபது ஆண்டு நினைவினால் வந்தது. ஏழு மாதம் கேட்டுக் கேட்டு மலையக இரசிகன் தன் மனத்திரையில் வரைந்த வீரன், பின்னர் வெண்திரையிலே தோன்றிய வீரனைவிட உயிருள்ளவன். ஏமாற்றத்துக்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது.

இரண்டாவதாகக் குறிப்பிட வேண்டியது, பலர் கவனியாது விட்ட ‘மணப்பெண்ணின் சத்தியம்’. பாடியவர் லதா ரஜினிகாந்த். தொழில்முறைப் பின்னணிப் பாடகியரிடம் எதிர்பார்க்கும் வழவழப்பு அக்குரலில் இல்லை; பக்கவாத்தியமும் மிதமானதே. எமது மதிப்பீட்டில், முழு இசைத்தொகுதியிலும் ஓர் உருவத்துக்கு மிக அதிகமாக உயிரளித்தது இப்பாடலே. குரலிலுள்ள சிறு தளும்பல், அவ்வாக்கை ஒருத்தி உண்மையிலே கொடுக்கிறாள் என்று நம்மை நம்பவைக்கின்றது. நேர்த்தியாகப் பாடியிருந்தால் வரைந்த முகத்தின் நேர்த்தியோடு அதுவும் கலந்து மறைந்திருக்கும்.

ரஜினிகாந்த் தாமே நீதிமொழிகளைப் பேச, ஹரிசரண் பாடும் பாடல் இவற்றுக்கு மறுதலையானது. அங்கே கேட்பவனுக்கு நடிகர் நினைவுக்கு வருகிறார்; பாத்திரம் வருவதில்லை. மேடைப்பேச்சுக்கு மெட்டுப் போட்டது போன்ற உணர்வே எஞ்சுகிறது. போர்க்காட்சிகளின் பின்னணி இசை குறித்தும் நமக்கு நிறைவில்லை. உருவங்களின் எடையின்மையை மறைக்கவே போலும், குழுக்குரலும் வாத்தியத் திரளும் ஓயாது முழங்குகின்றன. மௌனத்துக்கு இடமில்லை. கூத்திலே தப்புக்காரர் அடியை நிறுத்தும் கணமே அச்சம் தரும் கணம். அடுத்து எவர் வருவார் என்று கூட்டம் மூச்சடக்கும். அக்கணத்தை இப்படம் தனக்கு மறுத்துக்கொண்டது. அதற்காக ரஹ்மானை மட்டும் குறைகூறுதல் முறையன்று. நம்பிக்கையற்ற படிமத்துக்கு இசையை முட்டுக்கொடுக்கச் சொன்னால் எந்த இசையமைப்பாளரும் உரக்கத்தான் பேசுவார்.

தமிழிலே அசைவூட்டப் படத்துக்கு இசையமைத்தல் இதுவே முதன்முறை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2007இல் இளையராஜாவின் இசையில் ‘இனிமே நாங்கதான்’ வெளிவந்தது. சிறுவர் படமென்று கருதப்பட்டமையால் போலும், பெரியோர் அதன் இசையைப் பற்றி விவாதிக்கவேயில்லை. 2025 ஜூலையில் வெளியான ‘மகாவதார் நரசிம்மா’வுக்கு சாம் சி. எஸ். அமைத்த இசை பரவலாகப் பேசப்பட்டது. அங்கே நட்சத்திர நடிகர் எவருமில்லை. ஆகவே குரலுக்கு முன்வரலாறும் இல்லை. தூணிலிருந்து வெளிப்படும் உருவத்தின் முழு நிறையையும் ஒலியே சுமக்க நேர்ந்தது. பாடலைவிடப் பின்னணி இசையை இரசிகர் முதன்மைப்படுத்திப் பேசியது நல்ல மாற்றம் என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் இதனிலும் பாரதூரமான மாற்றமொன்று 2024இல் நிகழ்ந்துவிட்டது. ரஜினிகாந்த் தோன்றிய ‘லால் சலாம்’ படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ரஹ்மான் மீள உருவாக்கினார். குடும்பத்தினரின் அனுமதி பெற்றதாகவும் அறிவித்தார். அதே ஆண்டில் ‘வேட்டையன்’ படத்துக்காக அனிருத், 2011இல் காலமான மலேசியா வாசுதேவனின் குரலை அவ்வாறே கொண்டுவந்தார். ‘கோச்சடையான்’ காலத்தில் உடல் செய்யப்பட்டது, குரல் மெய்யானது. பத்தாண்டுகளில் உடல் மெய்யானதாயிற்று, குரல் செய்யப்பட்டது. செய்த உடலைப் பொம்மை என்று தள்ளிய அதே இரசிகர், செய்த குரலைக் கைதட்டி வரவேற்றனர். ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் தனியார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அப்பாடல் ஒலிக்கக் கேட்டவர்களுள் எத்தனை பேர் அதனைப் பொம்மைப்பாட்டு என்று கூறியிருப்பர்?

கண் சந்தேகிக்கும், காது நம்பிவிடும். உடலைக் காணாமலே குரலை நம்பப் பழகிய காது மலையகத்துடையது. அந்நம்பிக்கை எழுபதாண்டுகளாகப் பொய்த்ததில்லை, ஏனெனில் குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு தொண்டை இருந்தது. பாலசுப்பிரமணியம் 2020 செப்டெம்பர் 25ஆம் திகதி காலமானார். நாளை அவர் குரலிலும் புதிய அறிமுகப் பாடலொன்று செய்யப்படுமாயின், அதனை ஒலிபரப்ப முன்வரும் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்லலாம், இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லலாம், கவிஞரின் பெயரையும் சொல்லலாம். பாடியவர் என்ற இடத்துக்கு வந்ததும் யாருடைய பெயரைச் சொல்லுவார்?